அடையாளம் காட்ட வந்த அக்கா

போன வியாழக்கிழமை காலையில் நான் ஒரு சத்தியம் செய்திருக்கிறேன். செய்த விஷயம் எனக்குச் சாயங்காலம்தான் தெரியவந்தது.

அப்பா பேரில் இருக்கும் கரண்ட் கனெக்‌ஷனை என் பேருக்கு மாற்ற ஒரு பிரமாணப் பத்திரம் வேண்டும் என்றார்கள். அரூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் ஒருவரிடம் போனில் சொன்னேன். ஆதாரைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னார், அனுப்பினேன். சாயங்காலம் வாட்ஸ்அப்பில் வந்து இறங்கியது பத்திரம். வட்ட முத்திரை, நீள முத்திரை, சிவப்புத் தாள், ஸ்டாம்பு, எல்லாம் சேர்ந்து கல்யாணப் பெண் மாதிரி இருந்தது. கடைசியில் நோட்டரியின் வாசகம்: மேற்படி நபர் இன்று என் முன்னிலையில் நேரில் ஆஜராகி, வாசகங்களைப் படித்து உணர்ந்து, உண்மையென உறுதிகூறிக் கையொப்பமிட்டார்.

அந்த மேற்படி நபர் அந்த நேரத்தில் பொம்மிடி ஸ்டேஷனில் ரயிலுக்குக் காத்திருந்தபடி, ஆறிப்போன போண்டாவின் உட்பொருளை உணர முயன்றுகொண்டிருந்தார். போண்டாவையே உணர முடியாதவன் பத்திரத்தை எங்கே உணர்வது?

கையெழுத்தைப் பார்த்தேன். என்னுடையதுதான். ஆனால் நான் போடுவதைவிட அழகாக இருந்தது. போன் போட்டேன்.

"தம்பி, கையெழுத்து…?"

"நாங்களே போட்டுட்டோம் சார். அர்ஜென்ட்டுன்னு சொன்னீங்களே."

"நோட்டரி என்னைப் பாக்கவே இல்லையே?"

"அவரு எங்களையே பாக்கறதில்லை சார். சீலு நம்மகிட்டதான் இருக்குது."

என் மனைவியிடம் நடுங்கியபடி சொன்னேன். "வேலை ஆச்சா இல்லையா?" என்றாள். ஆச்சு என்றேன். "அப்புறம் எதுக்கு இப்பிடிப் பேயறைஞ்ச மாதிரி நிக்கறீங்க?" என்று குக்கரைப் பார்க்கப் போய்விட்டாள். அதிர்ச்சி அடைவதற்கு எங்கள் வீட்டில் நான் ஒருவன்தான் நியமிக்கப்பட்டிருக்கிறேன்.

மறுநாள் அசலை வாங்கப் போனேன். முத்திரை மை இன்னும் காயவில்லை. அந்த ஊதா மையின் வாசனை இருக்கிறதே, பாதி விளக்கெண்ணெய், பாதி பள்ளிக்கூடத்துப் பரீட்சை, அது மூக்கில் ஏறியதும் கடைக்காரரைத் திட்ட எடுத்துப்போயிருந்த வார்த்தைகள் எல்லாம் மறந்துவிட்டன. மூன்று வருஷம் என் விரல்களிலும் சட்டைப் பையிலும், ஏன், நான் தின்ற சோற்றிலும்கூட இருந்த வாசனை அது.

நான் தமிழ் இலக்கியம் படித்தவன். அந்தப் பட்டத்துக்கு அன்றைய அரூரில் கிடைக்கக்கூடிய உச்சபட்ச இலக்கியப் பணி ஒரு நோட்டரி வக்கீலிடம் டைப்பிஸ்ட் வேலை. தாலுகா ஆபீசுக்கு எதிர்ச்சாரியில் ஒரு மருந்துக்கடை மாடி. முன்னறையில் நானும் ஒரு தமிழ் டைப்ரைட்டரும். உள்ளறையில் வக்கீல் வெங்கடாசலம். ஊருக்கு அவர் நோட்டரி ஐயா. என் படைப்புகள் எல்லாம் "நான் சத்தியப் பிரமாணமாக உறுதிகூறுவது என்னவென்றால்" என்று ஆரம்பித்து, "இதில் கண்டவை யாவும் உண்மை" என்று முடியும். அவ்வளவு உறுதியான முதல் வரியும் கடைசி வரியும் அதற்குப் பிறகு எனக்கு எந்தக் கட்டுரையிலும் அமையவில்லை.

நோட்டரி என்ன செய்கிறார் என்று நிறையப் பேருக்குத் தெரியாது. எனக்கும் வேலைக்குச் சேர்ந்த பிறகுதான் தெரிந்தது. தொலைந்துபோன சான்றிதழ், மாறிப்போன பெயர், விற்ற வண்டி, படிப்புக் கடன், யாரோ யாருக்கோ எழுதிக் கொடுக்கும் அதிகாரப் பத்திரம், இப்படி எது வந்தாலும் அவர் வேலை ஒன்றுதான். இன்னார் என் எதிரில் வந்தார், நின்றார், இதைச் சொன்னார், கையெழுத்துப் போட்டார் என்று அரசாங்கத்துக்குச் சொல்ல வேண்டும். சொன்னது உண்மையா என்பது சொன்னவன் பாடு. வந்தான், சொன்னான் என்பது நோட்டரி பாடு.

எங்கள் வக்கீல் இதில் 'சொன்னான்' என்பதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். டைப் அடித்த பத்திரத்துடன் உள்ளே போனால், செருப்பைக் கழற்றிவிட்டு எழுந்து நிற்க வேண்டும். பத்திரத்தை அவர் தலைகீழாகக் கவிழ்த்து வைத்துக்கொள்வார். "இதுல என்ன எழுதியிருக்குதுன்னு உன் வாயால சொல்லு" என்பார். சொந்த வார்த்தையில் சொல்ல வேண்டும். சொன்ன பிறகுதான் கையெழுத்து, அப்புறம்தான் முத்திரை.

இதை ஏதோ அறச்செயல் என்று நினைத்துவிடாதீர்கள். சுத்தமான பயம். முன்பு ஒருமுறை ஒரு வழக்கில் அவரையே கூண்டில் ஏற்றி, "இந்த ஆள் உங்கள் எதிரில் இதைச் சொன்னாரா?" என்று கேட்டிருக்கிறார்கள். மனுஷனுக்கு ஞாபகம் இல்லை. திருதிருவென்று விழித்திருக்கிறார். அன்றிலிருந்து ஒவ்வொருத்தரையும் பேசவைத்து, முகத்தையும் குரலையும் மனப்பாடம் செய்ய ஆரம்பித்துவிட்டார். தவிர, கோர்ட்டில் அவர் பேசியதை யாரும் முழுசாகக் கேட்டதில்லை. இங்கேயாவது ஒரு கோர்ட் நடத்தலாமே என்ற ஆசையும் இருந்திருக்கலாம்.

சித்தேரி மலையிலிருந்து இறங்கி வருகிறவர்கள், "கற்பூரம் கொண்டாரலீங்களே சாமி" என்று பதறுவார்கள்.

"இது கவருமெண்டு சத்தியம்யா. கற்பூரம் கிடையாது."

"அப்பப் பலிக்குமுங்களா?"

"பலிக்கும். பொய் சொன்னா உள்ள வெச்சிருவாங்க."

"அட, அவ்வளவுதானுங்களா" என்று நிம்மதியாகச் சொல்ல ஆரம்பிப்பார்கள். சாமி கண்ணைக் குத்தாதாம், ஜெயில்தானாம்.

ஒருவர் மாமனாரிடம் காட்டுவதற்கு, இனிக் குடிக்க மாட்டேன் என்று பிரமாணப் பத்திரம் கேட்டு வந்தார். அற்புதமாக அடித்துக் கொடுத்தேன். மருந்துக்கடை மாடிப்படியைத் தவழ்ந்துதான் ஏறியிருந்தார் என்பது உள்ளே எழுந்து நின்றபோதுதான் தெரிந்தது. சொந்த வார்த்தையில் சொல்லு என்றதும், "இன்னைக்கு ஒரு நாளைக்கு மட்டுமுங்க" என்றார். காலையில் வெறும் வயிற்றோடு வா என்று அனுப்பிவிட்டார் வக்கீல். அவர் வரவே இல்லை. அந்த மாதிரி ஒரு காலை அவர் வாழ்க்கையில் விடியவில்லைபோல.

அசல் சான்றிதழ்கள் வரும். அதற்கும் ஒவ்வொரு வாசனை. பட்டாவை மஞ்சள் மூட்டைக்குள் செருகி வைப்பார்கள், பிறப்புச் சான்றிதழை அரிசிப் பானையில். மாதேஷ் என்பவர் கொண்டுவந்த அப்பாவின் இறப்புச் சான்றிதழ் புளி வாசனை அடித்தது. புளிப்பானையில் போட்டு வைத்திருந்தாராம். மூலையில் பழுப்பாக ஊறிப்போயிருந்தது. அதனால்தான் அவர் எனக்கு நன்றாக நினைவிருக்கிறார் என்று சொல்ல ஆசை. அதனால் இல்லை.

சித்தேரி ரோட்டில், மலை ஏறுவதற்கு முன்னால் ஒரு ஊர். முப்பதுக்குள் வயசு. செத்துப்போன அப்பா பேரில் ஒன்றரை ஏக்கரும் ஒரு கிணறும். பட்டாவைத் தன் பேருக்கு மாற்ற மனுக் கொடுக்க வேண்டும், அதோடு வைக்க ஒரு பிரமாணப் பத்திரம். தகப்பனாருக்குத் தான் ஒருவனே வாரிசு. அம்மா இல்லை. வேறு மக்கள் இல்லை. பத்து நிமிஷத்தில் அடித்துவிட்டு, கார்பன் காப்பியோடு நானும் உள்ளே போனேன்.

மாதேஷ் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார்.

"அப்பனுக்கு வாரிசு எத்தனை பேரு?"

"நான் ஒருத்தந்தானுங்க."

"அண்ணன் தம்பி, அக்கா தங்கச்சி?"

"இல்லீங்க."

"முழுசாச் சொல்லு."

"எனக்குக் கூடப் பொறந்தவங்க யாருமில்லீங்க."

பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டால் சொல்வது மாதிரிதான் சொன்னார். வக்கீல் அவர் முகத்தைக் கொஞ்ச நேரம் மனப்பாடம் செய்துகொண்டார்.

"உன்னை நான் பாத்ததில்லை. நீதான் மாதேஷுன்னு அடையாளம் சொல்ல யாராச்சும் வந்திருக்காங்களா? உன்னை நல்லாத் தெரிஞ்ச ஆளா இருக்கணும்."

"வெளிய உக்காந்திருக்காங்க" என்று வாசலைப் பார்த்து, "உள்ள வா" என்றார் மாதேஷ்.

முன்னறை பெஞ்சில் ஒயர் கூடையை மடியில் வைத்துக்கொண்டு காலையிலிருந்து உட்கார்ந்திருந்த பெண் எழுந்து வந்தார். மாதேஷைவிட ஏழெட்டு வயசு கூட இருக்கும். பேர் கேட்டதற்கு முனியம்மா என்றார்.

"இந்தாளைத் தெரியுமாம்மா?"

"என்னாங்க சாமி இப்பிடிக் கேக்கறீங்க? இவனை இடுப்புல வெச்சி வளத்தவளே நான்தானுங்க."

"எத்தனை வருசமாத் தெரியும்?"

"இவன் பொறந்த அன்னையில இருந்து."

"நீ இவனுக்கு என்ன வேணும்?"

"அக்காளுங்க. கூடப் பொறந்த அக்கா."

வக்கீல் என்னைப் பார்த்தார். அந்தப் பெண்ணை நான்தான் பெற்றேன் என்பதுபோலப் பார்த்தார். நான் கார்பன் காப்பியைப் பார்த்தேன். அதில் அக்கா இல்லை. எதிரில் இருந்தார்.

பிறகு யோசித்தபோது புரிந்தது. அவர்களைப் பொறுத்தவரை அதில் ஒரு தப்பும் இல்லை. நல்லாத் தெரிந்த ஆள் வேண்டும் என்றால் அக்காவைவிட யாருக்குத் தெரியும்? பத்திரம் பட்டாவுக்கு, அக்கா அடையாளத்துக்கு. இரண்டும் வேறு வேறு வேலை. இரண்டையும் சேர்த்துப் பார்த்துத் திகைத்தது படித்த நாங்கள் இரண்டு பேர்தான்.

வக்கீல் அந்தப் பெண் பக்கம் திரும்பினார். "ஏம்மா, நீ இல்லவே இல்லைன்னு இவன் எழுதிக் கொண்டாந்திருக்கான். தெரியுமா உனக்கு?"

"தெரியுமுங்க. எழுதச் சொன்னதே நான்தான்."



முனியம்மா கூடையைக் கீழே வைத்துவிட்டு, குழந்தைக்குச் சொல்வதுபோல எங்களுக்குச் சொன்னார். அவர் புருஷன் நிலத்துக்குப் புரோக்கர். பத்திர ஆபீஸ் வாசலிலேயே இருப்பவர். வாரிசு என்று இவர் பேர் ஏறிவிட்டால் மறுநாளே, பங்கைக் கேள், வித்துக் கொடு என்று உதைப்பார். பங்கைப் பிரித்தால் கிணறு ஒரு பக்கம் போய்விடும். கிணறு இல்லாமல் தம்பி அந்த முக்கால் ஏக்கரில் என்ன செய்வான்?

"பேரு இருந்தாத்தானே கேப்பாங்க. பேரே இல்லைன்னா என்னத்தச் சாமி கேப்பாங்க? எங்க ஊருல எல்லாருக்கும் தெரியும். எல்லாரும் சரின்னுதான் சொன்னாங்க."

"சட்டப்படி உனக்கும் பாதி இருக்குதும்மா."

"அதை வெச்சி நான் என்ன பண்ணட்டும்? வருசத்துக்கு ஒருக்கா மாரியம்மன் பண்டிகைக்கு இவன் வந்து, அக்கா வான்னு கூப்பிடறான். நானும் போயி தாய்வூட்டுல நாலு நாளு உக்காந்து சோறு திங்கறேன். எனக்கு அதுதானுங்க பங்கு."

பங்கு வேண்டாம் என்றால், தம்பிக்கு விட்டுக்கொடுத்ததாக விடுதலைப் பத்திரம் எழுதிப் பதிவு செய்துவிடலாமே என்றார் வக்கீல்.

"அந்த ஆபீசு வாசல்லதானே அந்தாளு நிக்கறான்? நான் படியேறுனா சேதி எனக்கு முன்னால வூட்டுக்குப் போயிரும்."

வக்கீல் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டினார், மறுபடி கழற்றினார். வெளியே போங்க என்று கத்தப்போகிறார் என்று நினைத்தேன். அவர் சொன்னது எனக்கு அன்றைய மூன்றாவது அதிர்ச்சி.

"சரி. இப்ப உங்க அக்கா நிக்குது. அது முன்னால இன்னொருக்கா சொல்லு. சொல்லிட்டீன்னா நான் போட்டுக் குடுத்துடறேன்."

நிஜமாகவே போட்டுக் கொடுத்திருப்பாரா, அல்லது அவன் சொல்ல மாட்டான் என்று தெரிந்துதான் கேட்டாரா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. அவருக்கே தெரிந்திருக்குமா என்பதும் சந்தேகம்.

மாதேஷ் வாயைத் திறந்தார். "எனக்குக் கூடப்…" என்றார். நின்றுவிட்டார்.

"சொல்லுடா" என்றார் அக்கா.

மாதேஷ் தரையைப் பார்த்தார்.

"சொன்னா நான் செத்தா போயிருவேன்? சொல்லித் தொலைடா. முன்ன சொன்னதானே?"

"அப்ப நீ வெளிய இருந்த."

"சரி, இப்பவும் வெளிய போறன்."

"போனாலும் இனிமே முடியாதுக்கா."

அக்கா அவர் பின்மண்டையில் ஓங்கி ஒன்று வைத்தார். "பொட்டப்பயலே! கையெழுத்துப் போடத் தெரியுது, ஒரு வார்த்த சொல்லத் தெரியலயா?" மாதேஷ் செருப்பைக் காலில் மாட்டாமலே கையில் எடுத்துக்கொண்டு படியிறங்கிவிட்டார். முனியம்மா வக்கீலைப் பார்த்தார்.

"ஏனுங்க சாமி, முத்திரையப் போடறது பேப்பருலதானே? வாய எதுக்குங்க தொறக்கச் சொல்றீங்க?"

வக்கீல் முத்திரையை எடுத்து மேஜைக்குள் வைத்தார். நானோ உள்ளுக்குள் பூரித்துக்கொண்டிருந்தேன். கையால் பொய் எழுதிவிடலாம், நாக்கால் சொல்ல முடியாது. ஆகா, என்ன மண், என்ன மக்கள்! அன்று சாயங்காலம் டீக்கடையில் நாலைந்து நண்பர்களை உட்காரவைத்து, வாய்மையின் வல்லமை பற்றி ஒரு சொற்பொழிவே ஆற்றினேன். டீக்குக் காசும் நானே கொடுத்தேன் என்றால் எவ்வளவு நெகிழ்ந்திருப்பேன் என்று பார்த்துக்கொள்ளுங்கள். இலக்கியம் படித்தவனுக்கு அடுத்தவர் கஷ்டத்தில் ஒரு கருத்து கிடைத்துவிட்டால் போதும்.

தர்மபுரிக்குப் போனால் வேறு நோட்டரி இருந்தார். ஒரு கேள்வி கேட்காமல் முத்திரை போட்டிருப்பார். மாதேஷ் போகவில்லை. அன்று நாக்கில் ஏறாதது அதற்குப் பிறகு கைக்கும் ஏறவில்லை. மனுவில் இரண்டு பேரையும் எழுதிக் கொடுத்துவிட்டார் என்று அந்த ஊர்க்காரர் ஒருவர் வேறு வேலையாக வந்தபோது சொன்னார். நான் அதற்கும் பூரித்தேன்.

இரண்டு பண்டிகை போயிருக்கும். ஒரு மத்தியானம் மாதேஷும் முனியம்மாவும் மறுபடி மாடிக்கு வந்தார்கள். கூடவே வெள்ளைச் சட்டைப் பையில் இரண்டு பேனா வைத்த ஒருவர். "என்னா தம்பி, நல்லா இருக்கறீங்களா?" என்று என் தோளைத் தட்டினார். முனியம்மாவின் புருஷன். நிலத்தை மனை போடும் ஒருவருக்குப் பேசி முடித்திருந்தார். தகப்பனாருக்கு எங்கள் இருவரைத் தவிர வேறு வாரிசு இல்லை என்று அக்காவும் தம்பியும் எழுதித் தர வேண்டும் என்று வாங்குகிறவர் கேட்டிருந்தார்.

அடித்தேன். நான் அடித்த பத்திரங்களில் அவ்வளவு பிசிறில்லாத உண்மை வேறு எதுவுமில்லை.

உள்ளே இரண்டு பேரும் தள்ளித் தள்ளி நின்றார்கள். வக்கீலுக்கு முகங்கள் மறக்காது என்று சொன்னேனே. பார்த்ததும் அவர் நாற்காலியில் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தார். இருந்தாலும் பழக்கம் விடவில்லை. பத்திரத்தைக் கவிழ்த்து வைத்தார்.

மாதேஷ் சீக்கிரம் முடித்துக்கொண்டார். "நானும் இவங்களும்தானுங்க. வேற யாரும் இல்லீங்க." அக்கா என்ற சொல் வரவில்லை.

"நீ சொல்லும்மா" என்றார் வக்கீல்.

முனியம்மா நிமிர்ந்து நின்றார்.

"எம்பேரு முனியம்மா. இவன் மாதேசு, எனக்குத் தம்பி. எங்கப்பனுக்கு நாங்க ரெண்டே பேருதான். நெலத்த விக்கறோம், கெணத்தையும் சேத்து. என் பங்குக்காகத்தான் விக்கறோம். இவன் இனிமே பண்டிகைக்கு என்னக் கூப்பிட மாட்டான். கூப்புட்டாலும் எந்த மூஞ்சிய வெச்சிக்கிட்டு நான் போறது? எல்லாம் நெசந்தான் சாமி. இதுல ஒரு பொய்யும் இல்ல. போதுங்களா?"

"அதெல்லாம் எதுக்கு இப்ப? கேட்டதுக்கு மட்டும் சொல்லு" என்று புருஷன் சிரித்தார். முனியம்மா அவர் பக்கம் திரும்பவே இல்லை. வக்கீலையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால்கூடப் பரவாயில்லை. போதுமா என்று உண்மையிலேயே கேட்டார், அவ்வளவுதான்.

வக்கீல் கையெழுத்துப் போடும் இடத்தைக் காட்டினார், போட்டார்கள். காகிதத்தில் மேடாகப் பதியுமே, அந்த இரும்பு முத்திரையை எடுத்து அழுத்தினார். சரியாகப் பதியவில்லை. இன்னொரு முறை அழுத்தினார். இரண்டு வட்டமும் ஒன்றின்மேல் ஒன்று ஏறி எதுவும் படிக்க முடியாமல் ஆகிவிட்டது. பரவாயில்லை சார் என்று புருஷன் பத்திரத்தை வாங்கிக்கொண்டார். கீழே இறங்கியதும் அக்கா அரூர் பஸ் ஸ்டாண்டு பக்கமும், தம்பி எதிர்ப் பக்கமும் நடந்ததை மாடி ஜன்னலிலிருந்து பார்த்தேன். இரண்டு பேரும் ஏற வேண்டியது ஒரே பஸ் ஸ்டாண்டில்தான்.

இப்போது அந்தக் கிணற்றை மண் போட்டு மூடி, மேலே தெரு போட்டிருக்கிறார்கள். சித்தேரி பஸ்ஸில் போகும்போது ஒரு ஆர்ச்சும் அதில் 'நகர்' என்று முடியும் ஒரு பெயரும் கண்ணில் படும். வக்கீல் போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆகிவிட்டது. டைப்ரைட்டரை யார் எடுத்துப்போனார்கள் என்று தெரியவில்லை. மருந்துக்கடை மட்டும் இருக்கிறது, எனக்கு வேண்டிய மாத்திரைகளுடன்.

அன்று அவர்கள் போன பிறகு, ரேஷன் கார்டைத் தொலைத்த ஒரு பெரியவரை உள்ளே அனுப்பினேன். அவர் ஏற்கெனவே வந்து பழகியவர். எழுந்து நின்று, தொண்டையைச் செருமிக்கொண்டு, "சாமி, என் கார்டு வந்து…" என்று ஆரம்பித்தார்.

"வேண்டாம் வேண்டாம். கையெழுத்துப் போட்டாச்சா? குடு இப்படி" என்றார் வக்கீல்.

பெரியவர் நம்பாமல் என்னைப் பார்த்தார். நானும் நம்பாமல்தான் நின்றேன். ஏதோ அசதி, நாளைக்குச் சரியாகிவிடும் என்று நினைத்தேன். மறுநாளும் அப்படித்தான். அதற்கு மறுநாளும். நான் அங்கே வேலை பார்த்த மிச்சக் காலம் முழுக்க அந்த அறையில் யாரும் எதையும் வாய்விட்டுச் சொன்னதில்லை. உள்ளே போவார்கள், முத்திரை விழும் சத்தம் கேட்கும், வெளியே வருவார்கள். பெஞ்சில் கூட்டம் தேங்குவதே நின்றுபோயிற்று. சனங்களுக்கு ஒரே சந்தோஷம்.

"ஐயா முன்ன மாதிரி இல்லீங்க" என்று என்னிடமே வந்து சொன்னார்கள். "இப்ப ரொம்ப நல்லவரா ஆயிட்டாரு."